நாற்பத்து மூன்று சத்தங்களும் ஒரு சம்பந்தியும்

வேலம்பாளையம்,
ஞாயிற்றுக்கிழமை, காலைக் காப்பிக்குப் பிறகு.

வெள்ளகோவில் சம்பந்தி, உயர்திரு பொங்கியண்ணன் அவர்கள் சமூகத்துக்கு, தரணியின் தகப்பன் கிட்டுசாமி கைகூப்பி எழுதிக்கொண்டது. இவ்விடம் அனைவரும் நலம் என்று எழுதத்தான் கை போனது. அனைவர் என்று சொல்ல இங்கே ஆள் இல்லாததால் அதை நிறுத்தி, நான் நலம் என்று திருத்தியிருக்கிறேன். அவ்விடம் தாங்களும், தங்கள் எருமைகள் இரண்டும், தென்னைகளும், கிணற்றுத் தண்ணீரும் நலந்தானா என்று அறிய ஆவல். கனடாவில் தங்கள் மகன் சசிகுமார், என் மகள் தரணி, நம் பேரன், புதிதாக வந்திருக்கும் பேத்தி, பேத்தியைக் குளிப்பாட்டப் போன என் வீட்டுக்காரி ரங்காத்தாள் எல்லோரும் சௌக்கியம் என்று நேற்று வீடியோவில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். பேத்திக்கு அப்படியே தங்கள் நெற்றி. இதை நான் மனப்பூர்வமாகவே சொல்கிறேன்.

கையில் போன் இருக்கும்போது இந்த மனுசன் எதற்குக் கடுதாசி எழுதுகிறான் என்று தாங்கள் நினைக்கலாம். போனிலும் வாரம் தவறாமல் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். "சாப்டாச்சுங்களா சம்பந்தி?" என்பீர்கள். "ஆச்சுங்க, நீங்க?" என்பேன். "ஆச்சுங்க. அங்க மழைங்களா?" "இல்லீங்க." "இங்கயும் இல்லீங்க. செரீங்க, வெச்சர்ட்டுங்களா?" கல்யாணம் முடிந்து ஒன்பது வருசமாகிறது, நாம் இருவரும் மழையைத் தாண்டிப் போனதில்லை. அதில் குறையும் இல்லை. சம்பந்திகள் அளவோடு பேசிக்கொள்வதுதான் இரண்டு குடும்பத்துக்கும் நல்லது. ஆனால் இப்போது நான் சொல்ல வேண்டியது சாப்பாட்டுக்கும் மழைக்கும் நடுவில் அடங்காது, ஆகவே எழுதுகிறேன். விஷயம் என்னவென்றால், தாங்கள் கொடுத்த வண்டி சத்தம் போடுகிறது.

இதைக் குறை சொல்வதாகத் தாங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. மில்லுக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்த வேனைக் கரூருக்குக் கொண்டுபோய், உள்ளே கட்டிலும் அடுப்பும் அலமாரியும் தண்ணீர்த் தொட்டியும் வைத்து வீடாகவே மாற்றி, தாங்களும் காலஞ்சென்ற சம்பந்தியம்மாவும் ஆறு வருசம் ஊர் ஊராகப் போய் வந்த வண்டி அது. நான் கம்பெனியிலிருந்து ஓய்வு பெற்றபோது, "சும்மா நின்னா துருப் புடிச்சுப் போயிருமுங்க, நீங்களும் சம்பந்தியம்மாளும் போய்ட்டு வாங்க" என்று சாவியைக் கையில் கொடுத்தீர்கள். இந்தக் காலத்தில் யார் கொடுப்பார்கள்? அதனால் நான் சொல்லப்போகும் சத்தங்கள் எல்லாம் வண்டியின் வயசால் வந்தவை, கொடுத்தவரின் மனசால் வந்தவை அல்ல என்பதை முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள்கிறேன்.

நானும் ரங்காத்தாளும் அதில் ஒரே ஒரு தடவை போனோம், பழனி வரை. நான் ஓட்டினேன், அவள் பின்னால் கட்டிலில் உட்கார்ந்து வந்தாள். பல்லடம் தாண்டுவதற்குள் ஆரம்பித்துவிட்டாள். "ஏனுங்க, இந்த அலமாரிக் கதவு கீச்சுங்குதுங்க." "ஏனுங்க, அடுப்பு மூடி கெடந்து ஆடுதுங்க." "ஏனுங்க, சன்னல் ரப்பரு மொனகுதுங்க." தங்களுக்குத் தெரியும், நான் முப்பத்தொரு வருசம் எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருந்தவன். ஒரு பனியனில் ஓட்டையோ, எண்ணெய்க் கறையோ, தையல் விட்டதோ எதைக் கண்டாலும் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம். குறையைச் சரிசெய்த பிறகுதான் அதை உரிக்கலாம், அதற்கு முன் உரித்தால் வேலை போகும். எனக்கு வேறு முறை தெரியாது. அவள் சொல்லச் சொல்ல வண்டியை ஓரங்கட்டி, எழுந்துபோய், சத்தம் வந்த இடத்தில் அம்பு ஒட்டினேன். பழனி போய்த் திரும்பி வருவதற்குள் நாற்பத்து மூன்று அம்புகள். எங்கள் தெருக்காரர் ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "வண்டிக்கு அம்மை போட்டிருக்குதுங்களா?" என்றார்.

பத்து நாளில் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டு ராமேசுவரம் கிளம்புவதாகத் திட்டம். எட்டாம் நாள் தரணி போன் செய்து, இரண்டாவது பிரசவத்துக்கு அம்மா உடனே வர வேண்டும் என்றாள். அப்புறம் நடந்தது தங்களுக்குத் தெரியும். மூன்று மாதம் என்று தையில் விமானம் ஏறிய ரங்காத்தாள், இப்போது ஆவணி, விசாவை நீட்டி வாங்கியிருக்கிறாள். குழந்தைக்குக் கழுத்து நிற்கட்டும் என்றாள், நின்றது. குப்புற விழட்டும் என்றாள், விழுந்தது. இப்போது தவழட்டும் என்கிறாள். குழந்தை என்றால் அடுத்தடுத்து ஏதாவது செய்துகொண்டேதான் இருக்கும், அதைப் பார்த்தால் இவள் எப்போதுதான் வருவாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் கிளம்பி வந்துவிடுவாள், அப்புறம் தரணி என்ன செய்வாள்?

அவள் போன பிறகுதான் எனக்கு ஒரு உண்மை புரிந்தது. ஓடும்போதுதான் வண்டி சத்தம் போடுகிறது, நிறுத்தினால் வாயை மூடிக்கொள்கிறது. நான் முன்னால் உட்கார்ந்து ஓட்டினால் பின்னால் எங்கே சத்தம் என்று தெரியாது. பின்னால் போய் உட்கார்ந்தால் ஓட்ட ஆள் இல்லை. ஆக இந்த வண்டியைச் சரிசெய்ய உலகத்தில் எந்தக் கருவியும் வேண்டியதில்லை, இரண்டு பேர் வேண்டும். என்னிடம் ஸ்பேனர் இருக்கிறது, ஸ்க்ரூ டிரைவர் இருக்கிறது, தையல் மெசின் ஆயில் அரை லிட்டர் இருக்கிறது, அந்த இரண்டாவது ஆள்தான் இல்லை.

இருந்தாலும் அம்பு ஒட்டிய இடமெல்லாம் கண்முன் இருக்கிறதே, சும்மா இருக்க முடியுமா? கீல்களுக்கு மெசின் ஆயில் விட்டேன். இழுப்பறைகளுக்கு மெழுகுவர்த்தி தேய்த்தேன். சன்னல் ரப்பர் முனகினால் பவுடர் போட வேண்டும் என்று ஒருவர் சொல்ல, ரங்காத்தாள் விட்டுப்போன பவுடர் டப்பாவை எடுத்துப் பூசினேன். சத்தம் நின்றது, ஆனால் வண்டி முழுக்க அவள் கல்யாணத்துக்குப் புறப்பட்டு நிற்கும் வாசம். அன்றைக்கு வேறு வேலை ஓடவில்லை, கட்டிலில் சும்மா படுத்திருந்தேன். மறுநாள் பாத்திரங்களைக் கவனித்தேன். தட்டும் தம்ளரும் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும், குறை இருக்கிறதென்று கம்பெனி கழித்துப்போட்ட செகண்ட்ஸ் பனியன் ஒன்றை மாட்டிவிட்டேன். தட்டுகளுக்கு ஆறு மாதக் குழந்தை சைஸ், குக்கருக்கு நாலு வயசு சைஸ், கேஸ் சிலிண்டருக்கு டபுள் எக்ஸெல். அலமாரியைத் திறந்தால் ஒரு குடும்பமே உட்கார்ந்திருப்பதாகத் தெரியும். பொய் சொல்வானேன், அதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது.

அதோடு விட்டிருக்கலாம். திருப்பூர்க்காரன் கைக்கு எந்த இடுக்கைக் கண்டாலும் பனியன் வேஸ்ட்டை, அதாவது வெட்டி மிஞ்சிய துண்டுத் துணியைத் திணிக்கத்தான் தோன்றும். இரண்டு மூட்டை வேஸ்ட் வாங்கி வந்து பலகைக்கும் தகரத்துக்கும் நடுவில் இருந்த சந்து பொந்தெல்லாம் அடைத்தேன். வண்டி மெத்தென்று ஆகிவிட்டது. ஒரே நாளில் பதினேழு அம்பு உரித்தேன். சில நாள் கழித்துப் புதிதாக ஒரு கீச்சுச் சத்தம் வந்தது. இதில் விசேஷம் என்னவென்றால் அது வண்டி நின்ற பிறகும் வந்தது. எஞ்சினை அணைத்த பிறகும் வந்தது. இப்படியொரு சத்தம் என் பட்டியலிலேயே இல்லையே என்று பலகையைக் கழற்றிப் பார்த்தால் ஓர் எலி, ஏழு குட்டிகள். அத்தனை வேஸ்ட்டிலும் பாலியஸ்டர் கலந்ததையெல்லாம் ஒதுக்கிவிட்டு, சுத்தக் காட்டனாகப் பொறுக்கி நார் நாராக்கி மெத்தை போட்டிருந்தது. முப்பத்தொரு வருசம் செக்கிங் பார்த்தவனுக்கே அதன் மேல் மரியாதை வந்துவிட்டது. அன்றைக்கு வீடியோவில், "இங்கயும் பிரசவந்தான்" என்று சொன்னேன். ரங்காத்தாள் சிரிக்கவில்லை. "கண்ணு தொறக்கற வரைக்கும் அதைத் தொந்தரவு பண்ணிப்போடாதீங்க" என்றாள். சரியென்று பதினெட்டு நாள் வண்டியை எடுக்கவில்லை, பலகையையும் மூடவில்லை. தினமும் பொரிகடலை வைத்தேன், போய் எட்டிப் பார்த்தேன். பத்தொன்பதாம் நாள் போனால் தாயும் இல்லை, பிள்ளைகளும் இல்லை. சொல்லிக்கொள்ளாமல் போனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

மெக்கானிக் என்று ஒருவன் இல்லையா என்று தாங்கள் கேட்கலாம். காங்கேயம் ரோட்டில் பெருமாள்சாமி என்று ஒருவர் பட்டறை வைத்திருக்கிறார், நல்ல மனுசன். அவர் ஏறி உட்கார்ந்தால் வண்டி மூச்சுக்கூட விடுவதில்லை. இறங்கி அவர் பட்டறைக்குள் போனதும் கடகடவென்று ஆரம்பிக்கும். மூன்றாவது தடவை அவர், "எந்த எடம்னு காட்டுனீங்கன்னா அஞ்சு நிமிசத்துல முடிச்சுத் தந்தர்றேனுங்க. எடமே தெரியாம வண்டியப் பூராவும் பிரிச்சுப் போட முடியுங்களா? ஊட்ல இருந்து ஒருத்தரக் கூட்டியாந்து பின்னால உக்கார வெச்சுப் பாருங்க" என்றார். வீட்டில் இருந்து யாரைக் கூட்டி வருவது? டீ சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அப்புறம் ஆள் தேடினேன். முதலில் சுடலை. பக்கத்துக் கம்பெனியின் வாட்ச்மேன், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பின்னால் கட்டிலில் உட்கார்ந்து காதை மட்டும் தீட்டி வைத்துக்கொண்டு வாருங்கள், சத்தம் வந்தால் அந்த இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டுங்கள் என்று ஒரு ரோலைக் கையில் கொடுத்தேன். படியூர் தாண்டி, காங்கேயம் தாண்டி, ஒரு பேச்சும் இல்லை. நிறுத்திப் பார்த்தால் மனுசன் நீட்டி நிமிர்ந்து தூங்குகிறார், ஸ்டிக்கர் ரோல் நெஞ்சின் மேல் இருக்கிறது. எழுப்பினேன். "சத்தம் ஒண்ணும் வரலியே அண்ணாச்சி. இப்பிடித் தூங்கி எத்தனை வருசமாச்சு, ஒங்க வண்டி நல்லா தாலாட்டுதுல்லா" என்றார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு திட்ட மனசு வரவில்லை, இன்னும் பத்து கிலோமீட்டர் சும்மாவே ஓட்டினேன். அடுத்தது பிகாஷ். ஒடிசாப் பையன்களோடு அடுத்த காம்பவுண்டில் தங்கியிருக்கும் டெய்லர், கல்யாணமாகி இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன். எனக்குத் தெரிந்த இந்தி, அவருக்குத் தெரிந்த தமிழ் இரண்டையும் சேர்த்து விளக்கினேன், நன்றாகத் தலையாட்டினார். வண்டி நகர்ந்ததும் ஊரில் இருக்கும் அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் வீடியோ கால் போட்டுவிட்டார். அடுப்பைக் காட்டினார், கட்டிலைக் காட்டினார், பனியன் போட்ட குக்கரைக் காட்டினார். அந்தப் பக்கம் குழந்தைகள் கூச்சல் போட்டதில் வண்டியின் நாற்பத்து மூன்று சத்தமும் அமுங்கிப் போயிருக்கும். இறங்கும்போது, "சத்தம் இல்லே அண்ணா, அம்மா ரொம்ப குஷி" என்றார். மறுவாரமும் வரட்டுமா என்று கேட்டார், வரச் சொன்னேன். மூன்று வாரம் வந்தார், அப்புறம் ஷிப்ட் மாறிவிட்டது.

ஆளை நம்பினால் ஆகாது, மெசினை நம்புவோம் என்று பழைய போனில் ரெக்கார்டிங்கைப் போட்டு, பின்னால் கட்டில் பக்கத்தில் நூலால் கட்டித் தொங்கவிட்டு, தாராபுரம் ரோட்டில் ஒரு மணி நேரம் ஓட்டினேன். வீட்டுக்கு வந்து சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்டேன். வண்டிச் சத்தம் இருந்தது, அதற்கு மேல் யாரோ பேசிக்கொண்டே வந்தார்கள். யார் என்று பார்த்தால் நான்தான். "பள்ளம் வருது, புடிச்சுக்க" என்கிறேன். "இந்த மேட்டுல அப்போ சோளம் போட்டிருந்தாங்க, பாத்தியா, பூரா சைட்டு போட்டுட்டாங்க" என்கிறேன். "அந்தக் கடையில காப்பி நல்லா இருக்கும், நிறுத்தட்டுமா?" என்கிறேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "செரி, வேண்டாம்னா உடு" என்கிறேன். நான் இப்படிப் பேசிக்கொண்டு போகிறேன் என்பது அந்த நிமிசம் வரைக்கும் எனக்குத் தெரியாது, சம்பந்தி. மூன்று தடவை கேட்டுப் பார்த்தேன். சத்தம் எங்கே வருகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இதைத் தரணியிடம் சொல்லவில்லை, தாங்களும் சசிகுமாரிடம் சொல்ல வேண்டாம்.

எப்படியோ தட்டித் தடவி ஒவ்வொன்றாக முடித்து, இன்றைய தேதிக்கு நாற்பத்திரண்டு அம்பு உரித்தாயிற்று. மிச்சம் ஒன்றே ஒன்று. கட்டிலின் தலைமாட்டில், இடப்பக்கச் சன்னல் ஓரம், வண்டி நாற்பதைத் தாண்டி ஓடும்போது, அதுவும் இடது வளைவில் மட்டும், கிணுக் கிணுக் என்று ஒரு சத்தம். இதற்கு என் அறிவு எட்டவில்லை. யோசித்துப் பார்த்ததில், டிரைவர் ஓட்ட, ஆறு வருசம் அந்தக் கட்டிலில் உட்கார்ந்தும் படுத்தும் போனவர்கள் தாங்களும் சம்பந்தியம்மாவும்தான். அந்தச் சத்தத்தை முன்னமே கேட்டிருக்கக்கூடியவர் இப்போது தாங்கள் ஒருவர்தான். சம்பந்தியம்மா போன பிறகு தாங்கள் அந்த வண்டிக்குள் காலெடுத்து வைக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். சாவியைத் தந்த அன்றுகூடப் படிக்குக் கீழே நின்றேதான் தந்தீர்கள். அதனால்தான் இத்தனை நாள் கேட்கத் தயங்கினேன்.

இன்னொரு தயக்கமும் உண்டு. சத்தம் கேட்க வேண்டுமென்றால் தாங்கள் பின்னால் உட்கார வேண்டும். பெண்ணைக் கொடுத்த சம்பந்தி, மாப்பிள்ளையைப் பெற்றவரைப் பின்னால் உட்கார வைத்து ஓட்டிக்கொண்டு போனான் என்று நம் சொந்தத்தில் ஒரு வாய் சொல்லிவிட்டால் அடுத்த பத்துக் கல்யாணத்துக்கு அதுதான் பேச்சு. சரி, தாங்கள் ஓட்டுங்கள், நான் பின்னால் உட்கார்கிறேன் என்றால், சம்பந்தியை டிரைவர் ஆக்கிவிட்டான் என்பார்கள். மூன்று நாள் மண்டையைக் குடைந்து ஒரு வழி கண்டிருக்கிறேன். வெள்ளகோவிலில் இருந்து தாராபுரம் வரை நான் ஓட்டுகிறேன், அங்கிருந்து உடுமலை வரை தாங்கள் ஓட்டுங்கள், அதற்கு மேல் அமராவதி அணை வரை இருவருமே முன்னால் உட்கார்ந்துகொள்வோம். மரியாதை இருபக்கமும் சரியாகிவிடும். அணைப் பக்கம் இரண்டு நாள் இருந்துவிட்டு வரலாம். நான் கொள்ளு ரசம் வைப்பேன், சோறு மட்டும் சில நேரம் குழைந்துவிடும். எருமைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டா என்று தெரிவிக்கவும்.

வேறு விசேஷம் இல்லை. தங்கள் ஊர் வீரக்குமாரசாமி தங்கள் முழங்காலையும், சிவன்மலை முருகன் என் இடுப்பையும் கவனித்துக்கொள்ளட்டும். கனடாவில் இருக்கிற நம் ஐந்து பேரையும் இரண்டு சாமிகளும் சேர்ந்தே பார்த்துக்கொள்ளட்டும், அங்கே குளிர் அதிகம். தங்கள் தோட்டத்து ஆட்களை நான் விசாரித்ததாகச் சொல்லவும். எழுத்தில் பிழையோ மரியாதைக் குறைவோ இருந்தால் மூத்தவர் என்ற முறையில் பொறுத்துக்கொள்ளவும்.

தங்கள் அன்புள்ள சம்பந்தி,
கிட்டுசாமி.

பி.கு.: கவரை ஒட்டிவிட்டுத் திரும்பப் பிரித்து எழுதுகிறேன். சம்பந்தியிடம் பொய் சொல்லிக் கூப்பிட்டு எனக்குப் பழக்கமில்லை. மேலே சொன்ன அந்தக் கடைசிச் சத்தம் நின்று இன்றோடு இருபத்திரண்டு நாள் ஆகிறது. சன்னல் ஓரத்தைத் துடைக்கும்போது ஒரு திருகு கையில் ஆடியது. அரைச் சுற்று திருகினேன், அவ்வளவுதான். காங்கேயம் வரை போய்த் திரும்பினேன், வண்டியில் ஒரு சத்தமும் இல்லை. ஜெயித்துவிட்டோம் என்று சந்தோசப்பட வேண்டியவன், வழியில் ஓரங்கட்டி நிறுத்திவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். சத்தம் இருந்தவரைக்கும் அதைச் சொல்லி யாரையாவது கூப்பிட முடிந்தது. இப்போது என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. எனக்கு ரொம்பத் தனியா இருக்குதுங்க சம்பந்தி. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், தப்பாக இருந்தால் மன்னிக்கவும். வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு உங்கள் தோட்டத்து வாசலில் வண்டியோடு நிற்பேன். பிள்ளைகள் கேட்டால், இன்னும் சத்தம் வருது, தேடிட்டுத்தான் இருக்கிறோம்னு ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லிக்கலாமுங்க.